சென்னையில் வழி கேட்டோம்

பிரயாணக் கட்டுரை எழுதுவோர் கோபுரத்தையும் கடற்கரையையும் நூதனசாலையையும் வருணித்து, தங்கிய விடுதியின் சாப்பாட்டைக் குறை கூறி முடிப்பது வழக்கம். நாம் எழுதப் புகுந்தது அவ் வகையைச் சேர்ந்ததன்று. 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் தாயாரோடு ஒன்பது நாள் சென்னையில் தங்கியிருந்தோம். அப் பெரு நகரில் ஓரிடம் விட்டு மற்றோரிடம் போவதற்கு நாம் பட்ட பாட்டையும், அப் பாட்டினிடையே நம் கல்விச் செருக்குக்கு நேர்ந்த கதியையுமே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

முதலில் நாம் இன்னார் என்று சொல்லிவிடுதல் முறை. ஜெஞ்சாரோமுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறோம். ஜெஞ்சாரோம் என்றால் கோலாலம்பூர்வாசிகளுக்குச் சீனப் புத்தாண்டில் விளக்கலங்காரம் செய்யும் புத்தர் ஆலயம் நினைவுக்கு வரும். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் பத்திரிகை படித்தவர்களுக்கு, அந்நிய நாடுகளிலிருந்து வந்து குவிந்த பிளாஸ்டிக் குப்பை நினைவுக்கு வரும். அவ் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழர் இருப்பது ஒருவர் நினைவுக்கும் வருவதில்லை. நிற்க.

நம் பெரிய தந்தையார் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தார். ஏழு வயதில் அவர் வீட்டிற்கு அனுப்பப்பட்டு, யாவற்றையும் ஆங்கிலத்திலேயே போதிக்கும் தனியார் பள்ளியொன்றில் படித்தோம். 2001-இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டபோது நாம் அரைக்காற் சட்டைப் பையன். 2003-இல் மோனோரெயில் தலைக்கு மேலே ஓடத் தொடங்கியதும், அதன் நிலையங்களையெல்லாம் வரிசை தப்பாது ஒப்பிப்போம். நகரம் என்பது நமக்குக் கைவந்த பாடம் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியது. தமிழ் எழுத்தோ, தோட்டத்து வேலைக்கு வந்தபின், இருபத்தாறாம் வயதில், இரவு வேளைகளில் தனியே உட்கார்ந்து கற்றது. ஆதலின் இக் கட்டுரையில் பிழை காணும் வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

நம் தாயாரின் கல்வி வேறு. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பு. அதன்பின் பால்மரம், பால்மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டபின், உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். பந்திங் பட்டணத்திற்கும் கிள்ளானுக்கும் போய் வந்திருக்கிறார். அங்கேயும் யாராவது ஒருவர் துணையோடு, அவர்கள் போகும் நாளில், அவர்கள் போகும் கடைக்கு. தனியாக எங்கும் போனதில்லை. போக வேண்டுமென்று கேட்டதுமில்லை. நாமும் கேட்டதில்லை.

சென்னைக்குப் போக வேண்டுமென்று அவர் சொன்னதே நமக்கு வியப்பாயிற்று. அவருடைய தந்தையார், அதாவது நம் தாத்தா, 1937-இல் பத்து வயதுச் சிறுவனாய்த் தம் பெற்றோரோடு மலாயாவுக்கு வந்தவர். வடாற்காட்டில் வந்தவாசிப் பக்கம். மலாயாவுக்குக் கூலியாட்களை அனுப்பும் முகாம்கள் அந் நாளில் இரண்டிருந்தன: ஒன்று நாகப்பட்டினத்தில், மற்றொன்று சென்னையை அடுத்த ஆவடியில். தோட்ட முதலாளிகளிடம் பணம் தண்டி 1907-இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியிலிருந்து கப்பற் செலவு கொடுக்கப்படும். கங்காணியோடு வந்தவர்களை முகாமில் வைத்து, வைத்தியர் பரிசோதித்து, அம்மை குத்திக் கப்பலேற்றுவார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் இதனை நிறுத்திவிட்டது. தாத்தா ஓராண்டு தாமதித்திருந்தால் நாம் இக் கட்டுரை எழுத நேர்ந்திராது. அவர் இறக்கும் வரையில் சொல்லிக்கொண்டிருந்த ஊர் வந்தவாசியன்று, ஆவடிதான். அந்த ஆவடியைப் பார்க்க வேண்டும் என்பதே தாயாரின் விருப்பம்.

தாத்தா ஏழெட்டு நாள் கடலில் மிதந்து கடந்த தூரத்தை நாம் நான்கு மணி நேரத்தில் கடந்தோம். சென்னை நம் நாட்டு நேரத்திற்கு இரண்டரை மணி பிந்தியது. நம் கைத்தொலைபேசி தானே நேரத்தைத் திருத்திக்கொண்டது. தாயாரோ தம் கைக்கடிகாரத்தைத் திருத்த மறுத்துவிட்டார்.

"வீட்டுல எத்தனை மணின்னு தெரிய வேணாமா?" என்றார்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோ ரயிலில் ஏறினோம். 2015-இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே சிறு துண்டாய்த் தொடங்கிய இவ் வண்டி, 2019 பிப்ரவரியில் மவுண்ட் ரோட்டின் அடியில் புகுந்து வண்ணாரப்பேட்டை வரையில் ஓடலாயிற்று. இதில் நமக்கு யாதொரு சங்கடமும் இல்லை. அட்டை, தானே திறக்கும் கதவு, மணியோசை, அறிவிப்பு யாவும் கோலாலம்பூரில் பழகியவையே. தாயாரின் கையைப் பிடித்து, இங்கே நில், அங்கே பார், கதவில் சாயாதே என்று சொல்லிக்கொண்டே வந்தோம். நாம் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் 'அரசினர் தோட்டம்'. பலகையைப் படித்த தாயார் வாய்விட்டுச் சிரித்தார்.

"இங்கயும் தோட்டம்தானா? யாரு தம்பி துரை?"

பழைய கவர்னர் மாளிகை வளாகத்தின் பெயர் அது, பால்மரமும் இல்லை செம்பனையும் இல்லை என்று விளக்கினோம். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த ஒரு பெண்மணியிடம் அந்த வேடிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே ஏறித் தெருவுக்கு வருவதற்குள் அப் பெண்மணி நம் விடுதிக்குப் போகும் குறுக்கு வழியைச் சொல்லிவிட்டார்.

திருவல்லிக்கேணியில் தங்கினோம். நம் திறமை தெருவுக்கு வந்தவுடன் தீர்ந்துபோயிற்று. முதலாவது, சாலையைக் கடத்தல். நம் நாட்டில் விளக்கு மாறும் வரையில் நிற்போம். வாலாஜா சாலையின் ஓரத்தில் நாம் நின்ற நேரத்தில் ஒரு பெரட்டு முடிந்திருக்கும். தாயார் சற்று நேரம் வண்டிகளைக் கவனித்தார். பிறகு, தோட்டத்தில் டிராக்டரை நிறுத்துவதுபோல் உள்ளங்கையை உயர்த்திக்கொண்டு, ஓடாமலும் நிற்காமலும் ஒரே நடையாய் நடந்தார். வண்டிகள் அவரைச் சுற்றி ஆற்று நீர்போல் விலகின. நாம் ஒரு கல்லூரி மாணவனின் முதுகுக்குப் பின்னே ஒளிந்து மூன்றாம் முறையில் கடந்தோம்.

இரண்டாவது, பஸ் பலகை. ஊர்ப் பெயர் தமிழில் இருக்கும். நாம் அதனைப் படியாதவரல்லர்; ஆனால் எழுத்தெழுத்தாய்ப் படிப்பவர். 'திரு' என்று தொடங்கி 'வா' என்பதற்கு வருவதற்குள் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போய்விடும். தாயார் தூரத்திலேயே பார்த்து, "திருவான்மியூர், நமக்கில்லை. பின்னாடி வர்றதும் இல்லை. அதுக்கும் பின்னாடி ஐஸ் ஹவுஸ்" என்பார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பு படித்தவர்! பதினோராண்டு கட்டணம் கட்டிப் படித்த நாம் அவர் சொற்படி ஏறினோம், இறங்கினோம்.

மூன்றாவது, ஆட்டோ. அரசாங்கம் 2013-இல் விதித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். நாம் ஏறிய ஆட்டோ ஒன்றிலும் மீட்டர் விழித்திருக்கக் காணவில்லை. கைத்தொலைபேசி வழியே வண்டி அழைத்தால், வருகிறவர் முதலில் கேட்பது, "எவ்வளவு காட்டுது சார்?" என்பதே. அதன்மேல் ஐம்பது வைத்தால் புறப்படும். இதைப் பற்றி நாம் சினந்தெழுதியிருப்போம். ஆனால் வெயிலில் பகலெல்லாம் வண்டியோட்டி, மாலையில் பெட்ரோலுக்கும் வண்டிக்காரனுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது என்னவென்று ஓர் ஓட்டுநர் தாயாரிடம் கணக்குச் சொன்னார். சம்பளப் பட்டியல் எழுதும் கைக்கு அக் கணக்கு விளங்காமற்போகவில்லை.

நாம் நம்பியிருந்தது கைத்தொலைபேசியின் வரைபடத்தையும், பழைய ஆங்கில வழிகாட்டி நூலொன்றையும். இரண்டாங் கட்ட மெட்ரோ வேலைக்காக அவ் வாண்டில் நகரின் பல சாலைகள் தோண்டப்பட்டிருந்தன. வரைபடம் நேரே போ என்னும். நேரே இரும்புத் தகடு வேலி எழுந்து நிற்கும். வழிகாட்டி நூலோ, கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, உயரத்திலிருந்து நகரைக் காண்பீர் என்றது. நூலை நம்பிக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போனோம். 1995 முதல் அங்கிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த அவ் வண்டி, நான்காவது தண்டவாளம் போடும் வேலைக்காக 2023 ஆகஸ்டு முதல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. (நாம் திரும்பி வந்தபின், 2024 அக்டோபரில், மீண்டும் கடற்கரை வரையில் ஓடத் தொடங்கியதாம்.) இதனை வாசலிலே கடலை விற்றவர் நாம் உள்ளே போகுமுன்னரே தாயாரிடம் சொல்லியிருந்தார். "முன்னமே சொல்லக் கூடாதா?" என்றோம். "புத்தகத்துல போட்டிருக்குன்னு சொன்னியே" என்றார்.

தாயாருக்கும் ஒரு வரைபடம் இருந்தது. அஃது சினிமா. மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். 1959-இல் எழுந்த பதினான்கு மாடி. இன்று அதனினும் உயர்ந்தவை பல உண்டு. ஆனால் கிராமத்திலிருந்து பட்டணம் வரும் கதாநாயகன் அண்ணாந்து பார்ப்பது அதனைத்தானே? தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய படங்களில் நூறு முறை பார்த்த கட்டடம். அதனை அடையாளமாக வைத்துக்கொண்டு இடப்பக்கம் இன்னது, வலப்பக்கம் இன்னது என்று அவர் ஒரு நகரத்தைத் தமக்குள் கட்டிக்கொண்டார். அவர் பேச்சில் வரும் சில சொற்கள் மட்டும் அங்கே செல்லவில்லை. "இந்தச் சடக்கு எங்க போகுதுங்க?" என்று கேட்டால் எதிரிலிருப்பவர் விழிப்பார். சடக்கு என்றால் சாலை என்று நாம் மொழிபெயர்ப்போம். நம் உபயோகம் பெரும்பாலும் அவ்வளவே.

ஐந்தாம் நாள் ஆவடிக்குப் புறப்பட்டோம்.

சென்ட்ரல் ஸ்டேஷனின் பக்கத்திலே புறநகர் வண்டிகளுக்குத் தனி நிலையம். மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். 1985-இல் தீப்பற்றி அழிந்த பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம். இருவருக்கும் சேர்த்து ஒரே சீட்டாய் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதனைத் தாயார் வாங்கித் தம் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். காலையில் அப் பையில் நாமே வேறொரு காகிதமும் வைத்திருந்தோம்: வழி தவறினால் காட்டுவதற்கு, விடுதியின் பெயரும் விலாசமும் எழுதியது. "கையை விடாதே, எங்கேயும் தனியாய்ப் போகாதே" என்று இரண்டு முறை சொல்லியும் வைத்திருந்தோம்.

வண்டி நின்றிருந்தது. பெண்கள் பெட்டியிலிருந்து பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "இங்க வாம்மா, எடம் இருக்கு" என்று கூப்பிட்டாள். தாயார் ஏறிக்கொண்டார். அதில் ஆண்கள் ஏறலாகாது. அடுத்த பெட்டிக்கு நடந்தோம். ஏறுமுன், இவ் வண்டி ஆவடியில் நிற்குமா, நில்லாமற் போகும் வேக வண்டியா என்ற ஐயம் வந்தது. பக்கத்திலிருந்தவரைக் கேட்டால் ஒரு விநாடியில் தீர்ந்திருக்கும். கேட்க நாணி, கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். புறப்படுமுன் மணியடிக்கும், அறிவிப்பு வரும், கதவு மூடத் தொடங்கும், அப்பொழுது ஏறலாம் என்பது நம் எண்ணம். அவ் வண்டியின் கதவுகளோ மூடுவதேயில்லை. ஓசையின்றி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. நாம் தலை நிமிர்ந்தபோது ஜனங்கள் ஓடி ஓடித் தொற்றிக்கொண்டிருந்தார்கள். நாமும் நாலடி ஓடினோம். கைப்பிடி எட்டவில்லை.

தாயார் போய்விட்டார். சீட்டும் போய்விட்டது. அவர் கைத்தொலைபேசி விடுதியில் கிடந்தது.

சீட்டில்லாமல் ஏற அஞ்சி, மீண்டும் வரிசையில் நின்று வேறொன்று வாங்கினோம். அதற்குள் அடுத்த வண்டியும் போயிற்று. மூன்றாவதில் ஏறி வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர் என்று ஒவ்வொரு நிலையத்திலும் தலையை வெளியே நீட்டி வெள்ளைச் சேலை எதுவென்று தேடினோம். 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் பிரயாணிகளுக்கெனத் தென்னாட்டுக்கு முதன்முதலாகப் போட்ட பாதை இதுவே என்றும், இதன்மேல்தான் தாத்தாவும் வந்திருப்பார் என்றும் தாயாருக்கு எடுத்துச் சொல்ல முன்னிரவில் படித்து வைத்திருந்தோம். அதெல்லாம் மறந்துபோயிற்று. அம்பத்தூரை நெருங்கும்போது ஒன்று நினைவுக்கு வந்து நம் கால்கள் தளர்ந்தன. அக் காகிதத்தில் விலாசத்தை ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம்.

தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. அது நமக்குத் தெரியாததா? காகிதத்தைக் கொடுக்கும்போது அவர் அதை விரித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பையில் வைத்தார்.

வாசகர்களிடம் ஒன்றை மறைத்துப் பயனில்லை. நாம் கிராணியாய் அமர்ந்த முதலாண்டில், அலுவலக விருந்தொன்று கிள்ளானில் நடந்தது. எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். தாயாருக்கு உடல் நலமில்லை என்று சொல்லி நாம் தனியே போனோம். தாயார் நலமாகத்தான் இருந்தார். அன்று மாலை லயத்து வாசலில் உட்கார்ந்து, நாம் சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் கிராணி வீடு வேறு, கூலி லயம் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போனவன் முதலில் மறக்க முயல்வது புறப்பட்ட வாசலைத்தான். அந்த மாலை ஏன் அந்த ரயில் வண்டியில் நினைவுக்கு வந்ததென்று சொல்லத் தேவையில்லை.

ஆவடியில் இறங்கினோம். பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு சிமெண்டுத் திண்ணையில் தாயார் உட்கார்ந்திருந்தார். பூக்கூடைக்காரியும் கூட இருந்தாள். இருவரும் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ரெண்டு வண்டி பாத்தேன். மூணாவதுல வந்துடுவேன்னு இந்தத் தங்கச்சி சொல்லுச்சு. சீட்டு இல்லாம எப்படி வந்தே?"

வேறு சீட்டு வாங்கியதைச் சொன்னோம். "பாவம்" என்று ஒரு துண்டு கொய்யாவை நீட்டினார். உப்பும் மிளகாய்த் தூளும் தடவியிருந்தது.

அக் காகிதத்தை வாங்கிக் கிழித்துவிட்டு, பின்பக்கம் வெற்றாயிருந்த சீட்டொன்றில் விலாசத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். பார்த்தார். "இதுல கால் போடணும்" என்று ஓரெழுத்தைச் சுட்டினார்.

முகாம் இருந்த இடத்தைக் காட்டுவார் எவரும் அகப்படவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் இராணுவத் தொழிற்சாலைகளின் நீண்ட மதில் ஓரமாக நம்மை அழைத்துப் போனார். 1961-இல் நிறுவிய டாங்கித் தொழிற்சாலை அவ்வூருக்குப் பெரும் பெயர். ஆவடி என்னும் பெயரே கவச வண்டிக் கிடங்கு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் ஆனது என்று ஓட்டுநர் விளக்கினார். நாமும் அவ்வாறே எங்கோ படித்திருந்ததால் தலையசைத்தோம்.

தாயார் பின்னாலிருந்து, "எங்கப்பா வந்தப்பவே இது ஆவடிதானுங்களே. அப்ப ஏது டாங்கி?" என்றார்.

ஓட்டுநர் சற்று நேரம் பேசாமல் வண்டியோட்டினார். "அதுவும் சரிதான்" என்று பிறகு ஒப்புக்கொண்டார். ஆங்கிலத்தில் ஒன்றைச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்னும் நம்பிக்கை நமக்கும் அவருக்கும் பொதுவாயிருந்தது.

கடைத்தெரு முனையில் தேநீர் குடித்தோம். அங்கே ஒரு பெரியவர், பழைய கதை அறிந்தவர் போலப் பேசினார். மலாயாவிலிருந்து வந்தோம் என்றதும் அன்பாக நாற்காலி இழுத்துப் போட்டார். எந்த ஊரிலிருந்து போனார்கள், எந்தக் கிராமம், தெருப் பெயர் நினைவிருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். நாம் களிப்போடு விடை கூறிக்கொண்டிருந்தோம். கடைசியில் குரலைச் சற்றே தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்.

நமக்கு உடனே விளங்கவில்லை. அத்தனை அன்பும் வந்து சேர்ந்த வாசல் அது என்று விளங்கியபோது, நாக்கில் ஆங்கில வாக்கியங்கள்தாம் வந்தன. தாயாருக்குத் தாமதமில்லை.

"தோட்டத்து ஆளுங்க."

"அது சரிம்மா, அது தொழிலு. நான் கேக்கறது..."

"பால்மரம் வெட்டுனோம். இப்ப பழம் பொறுக்குறோம். தோட்டத்து ஆளுங்கதாங்க."

டம்ளரை மேசைமேல் வைத்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்கு மாறினார். அவர் கெட்டவரல்லர், நமக்கு மார்க்கெட்டுக்கு வழி சொன்னவரும் அவரே. எனினும், கப்பலேறிய ஜனங்கள் கடலில் எறிந்துவிட்டதாக நாம் எண்ணியிருந்த மூட்டை, கரையிலேயே பத்திரமாய் வைக்கப்பட்டிருந்தது. எறிந்தவர்களும் முழுதும் எறிந்தார்களா? நம் தோட்டங்களில் கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டுத் திண்ணையில் காதைக் கொடுத்தால் தெரியும்.

இனி விடுதிக்குத் திரும்பலாம் என்றோம். தாயார் அசையவில்லை.

"எங்கப்பா இங்க பன்னெண்டு நாள் இருந்தாராம். வெளிய விட மாட்டாங்களாம். கூட்டியாந்து உள்ள வச்சாங்க, அப்புறம் ரயில்ல ஏத்திக் கப்பல்ல விட்டாங்க. ஆவடி ஆவடின்னு சாகற வரைக்கும் சொன்னாரே, அவர் ஆவடியப் பாக்கவே இல்ல தம்பி. நான் கடைத்தெருவச் சுத்திப் பாக்கணும்."

சுற்றினோம். ஒன்றரை மணி நேரம். காய்கறிக் கடை, பாத்திரக் கடை, ரவிக்கைத் துணி, இரும்புச் சாமான், கோழிக் கடை என்று ஒன்றையும் விடவில்லை. விலை கேட்டார், ரிங்கிட்டில் எவ்வளவு என்று நம்மைக் கேட்டார், பேரம் பேசினார், வாங்காமல் நகர்ந்தார். ஒரு சந்து முட்டுச் சந்தாய் முடிந்தது. அதிலும் கோடி வரையில் போய்த் திரும்பினார். ஈற்றில் ஓர் எவர்சில்வர் தூக்குச் சட்டி வாங்கினார். அது எதற்கு என்று நாம் கேட்கவில்லை.

திரும்புகையில் ரயில் வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றார். பஸ்ஸிலும் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். நடத்துநர் நம்மிடம் காசு வாங்கினார். தாயாரிடம் வாங்காமல் சீட்டுக் கொடுத்தார். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தாயார் ஐயுற்று ஐந்து ரூபாய் நாணயத்தை நீட்டினார். "லேடீஸுக்குக் காசில்லம்மா" என்றார் நடத்துநர். "நாங்க வெளியூரு" என்றார் தாயார். "எந்த ஊரா இருந்தா என்ன, ஏறிட்டீங்கல்ல" என்று அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். சிலாங்கூரிலும் 2015 முதல் இலவசப் பஸ்கள் சில ஓடுகின்றன. அவற்றில் தாயார் ஏறியதில்லை. அச் சீட்டை நாணயத்தோடு சேர்த்துப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழாம் நாள் நமக்குத் தலைவலி. மருந்து தின்று பகலில் உறங்கிவிட்டோம். விழித்தபோது மணி நான்கு, தாயாரைக் காணோம். விடுதிக்காரரைக் கேட்டோம், பகல் சாப்பாட்டுக்குப்பின் வெளியே போனதாகச் சொன்னார். தெருமுனை வரையில் ஓடினோம். பிறகு, எங்கே ஓடுவது என்று தெரியாமல் விடுதி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஐந்தரைக்கு, முகப்பில் இளஞ்சிவப்புச் சாயம் பூசிய பஸ்ஸொன்று நின்று புறப்பட்ட பக்கத்திலிருந்து, தலையில் கனகாம்பரத்தோடு நடந்து வந்தார்.

"எங்கே போனீர்கள்?"

"சும்மாதான். பஸ்ஸு காலியா வந்துச்சு, ஏறுனேன். கடைசி வரைக்கும் போனேன். அங்க ஒரு டீ குடிச்சேன். அதே பஸ்ஸு திரும்புச்சு, வந்துட்டேன்."

"கடைசி என்றால் எது?"

"பெசன்ட் நகர். கடல் தெரியுது."

மேலும் இரண்டு சீட்டுகளைப் பையிலிருந்து எடுத்து நம் கையில் கொடுத்தார். இரண்டிலும் காசு வாங்கியதாக இல்லை. அவற்றை ஏன் நம்மிடம் கொடுத்தார் என்பது இன்றும் விளங்கவில்லை. வழிகாட்டி நூலுக்குள் வைத்திருக்கிறோம்.

ஊர் திரும்பிப் பதினைந்து நாளிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, நாம் வேலைக்குப் புறப்படும் வேளையில், தாயார் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்து, பஸ்ஸுக்குப் போடும் டச் அண்ட் கோ அட்டையைக் கேட்டார். எங்கே என்றோம். கிள்ளானுக்கு என்றார். யாரோடு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல், அட்டையை எடுத்துக் கொடுத்து அதில் எவ்வளவு மீதியிருக்கிறதென்று சொன்னோம். ஆவடியில் வாங்கிய தூக்குச் சட்டி கையிலிருந்தது. பெரிய சாலைக்குப் போகும் செம்மண் சடக்கில் அவர் திரும்பும் வரையில் வாசலில் நின்றோம். பெரட்டுக்குப் பத்து நிமிஷம் பிந்திவிட்டது.